காலை ஏழே முக்கால், ஒரு ரேஸர், கொஞ்சம் சரித்திரம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம். இயர் எண்டிங் முடிந்து, ஆடிட்டும் ஒருவழியாக முடிந்து, இப்போதுதான் கீபோர்டைத் தொட நேரம் கிடைத்திருக்கிறது.

இன்றைக்கு மேட்டர் சவரம். சிரிக்காதீர்கள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நாம் செய்கிற இந்த வேலைக்குப் பின்னால் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்று போன மாதம்தான் உட்கார்ந்து படித்தேன். ஒரு மின்சார ரேஸர் வாங்க வேண்டியிருந்ததுதான் காரணம். வீட்டில் இது இரண்டாவது. முதலாவது எனக்காக வாங்கியது, இது அப்பாவுக்காக.

முதலில் என் கதை. வீடு ஹூடி பக்கம், பிராஞ்ச் எம்.ஜி. ரோடு பக்கம். 2023 அக்டோபரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை முழுசாக ஓட ஆரம்பித்ததில் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஏழே முக்காலுக்கு வாசல்படி தாண்டியாக வேண்டும். பேங்க்கில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். நான் பத்து நிமிஷம் லேட் என்றால் கவுண்டரில் நிற்கிற அத்தனை பேருக்கும் பத்து நிமிஷம் லேட்.

பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, தங்கமணி கட்டிக்கொடுக்கிற டப்பாவை வாங்கிக்கொண்டு, நடுவில் கிடைக்கிற சந்தில் சவரம். அவசரத்தில் பிளேடு தாடையில் இறங்கிவிடும். ஒரு நாள் பென்ஷன் வாங்க வந்த அம்மா ஒருவர், "என்ன சார், காலர்ல ரத்தம்?" என்று கேட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கேபின் முழுக்க எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் முடிவு செய்தேன்.

2024 தொடக்கத்தில் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது இன்னொரு காரணமும் சேர்ந்தது. அந்த மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். எங்கள் அப்பார்ட்மெண்டில் டேங்கர் வந்தால்தான் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு சவரம் செய்கிறவனை வீட்டில் பார்த்த பார்வை இருக்கிறதே! தண்ணீரே வேண்டாத ரேஸருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட மரியாதை.

சரி, இப்போது கொசுவத்தி.

கத்தி இன்னொருவர் கையில் இருந்த காலம்

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம் ஒரு சின்ன கிராமம். எண்பதுகளின் கடைசியில் அங்கே யாரும் தானே சவரம் செய்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. வாரம் இரண்டு நாள் பெரியவர் ஒருவர் தகரப்பெட்டியோடு வருவார். கொல்லைப்புறமாகத்தான் வருவார். பெட்டிக்குள் சவரக் கத்தி, கத்தியைத் தீட்ட ஒரு தோல் வார், சின்னக் கிண்ணம், ஒரு துண்டு படிகாரம். அப்பா மரப்பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். செவ்வாய், வெள்ளி, அமாவாசை கிடையாது. கூலி காசாக இல்லை. அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள்.

அவருடைய வேலை சவரத்தோடு நிற்காது. கல்யாணம், காது குத்து, சாவு எல்லாவற்றிலும் அவருக்கு வேலை உண்டு. கட்டி வந்தால் கீறி மருந்து வைப்பதும் அவர்தான். அவர் வீட்டு அம்மாள்தான் பிரசவம் பார்ப்பார். தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்று ஒரு பெயர் இருப்பது சும்மா இல்லை. அவ்வளவு தெரிந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் தனி டம்ளர். திண்ணையில் உட்காரக் கூடாது. நான் அப்போது மூன்றாவதோ நாலாவதோ படிக்கிற பையன். என் தாத்தா வயசு அவருக்கு. அவரை நான் கூப்பிட்டது "வா", "போ", "இங்க வந்து பாரு". வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் எங்கள் தெருவுக்கு வருவார். சேரிக்குப் போக ஊர் விடாது. போனால் எங்கள் தெருவுக்கு வர முடியாது. யாருடைய முகத்தில் கத்தி படலாம், யாருடைய முகத்தில் படக் கூடாது என்பதைக் கத்தி பிடித்த கை முடிவு செய்யவில்லை, ஊர் முடிவு செய்தது.

காந்தியின் சுயசரிதையில் இதைத் தொட்டு ஒரு சம்பவம் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்தில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி ஒரு கிளிப்பர் வாங்கிவந்து கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கன்னாபின்னாவென்று ஆகி, கோர்ட்டில் நண்பர்கள் எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் காந்தி அந்த வெள்ளைக்காரர் மேல் குறை சொல்லவில்லை. நம் ஊரிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடிவெட்ட நாம் விடுவதில்லையே, அந்தப் பலன் எனக்கு இங்கே கிடைத்தது என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். படித்தபோது எங்கள் கொல்லைப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியவரின் மகன் ஊரை விட்டுப் போனார். பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நாற்பத்தைந்து வயசில் அப்பா முதல்முறையாகத் தானே சவரம் செய்யக் கற்றுக்கொண்டார். ஒரு ரேஸர், ஒரு பிரஷ், ஒரு டோபாஸ் பிளேடு பாக்கெட். முதல் ஒரு மாதம் அப்பா முகத்தில் படிகாரம் இல்லாத நாளே இல்லை.

ஜில்லெட் போட்ட கணக்கு

அப்பா கையில் வந்த அந்தப் பிளேடுக்கு அப்போதே கிட்டத்தட்ட தொண்ணூறு வயசு. அமெரிக்காவில் பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் சேல்ஸ்மேனாக இருந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். சோடா பாட்டிலுக்கு நாம் ஓப்பனர் வைத்துத் திறக்கிற தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான் அவருடைய முதலாளி. ஒருதடவை உபயோகித்துத் தூக்கிப்போடுகிற பொருளாக ஒன்றைக் கண்டுபிடி, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவான் என்று முதலாளி சொன்னதாகக் கதை.

1895 வாக்கில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஜில்லெட்டுக்கு யோசனை வந்தது. கத்தியில் வேலை செய்வது ஓரம் மட்டும்தானே? மற்ற இரும்பெல்லாம் அந்த ஓரத்தைத் தாங்கத்தானே? அப்படியானால் ஓரத்தை மட்டும் மெல்லிய தகடாகச் செய்து விற்றால் என்ன? சொல்வது சுலபம். அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராக்கி, நிமிர்ந்து நிற்கவைக்க முடியாது என்று விஷயம் தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற இன்ஜினியர்தான் அதைச் செய்து காட்டினார். 1901-ல் கம்பெனி தொடங்கி, 1903-ல் விற்பனை ஆரம்பித்தது. முதல் வருஷம் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. கம்பெனியை மூடிவிட்டுப் போயிருக்க வேண்டியது. அடுத்த வருஷம் 90,884 ரேஸர், 1,23,648 பிளேடு.

பி.காம். படித்த எல்லோருக்கும் இந்த ஜில்லெட் கதையை மார்க்கெட்டிங் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். கைப்பிடியைச் சும்மா கொடு, பிளேடில் லாபம் எடு என்று. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையிலும் எழுதி மார்க் வாங்கினேன். உட்கார்ந்து படித்தால் சங்கதி வேறு. ஆரம்பத்தில் ஜில்லெட் ரேஸரின் விலை 5 டாலர். அந்தக் காலத்தில் சாதாரண ஆளுக்கு அது பெரிய தொகை. பேடன்ட் உரிமை இருந்தவரைக்கும் விலையை இறக்கவே இல்லை. 1921-ல் அந்த உரிமை முடிந்து, யார் வேண்டுமானாலும் அதே மாதிரி செய்யலாம் என்று ஆன பிறகுதான் பழைய மாடலை 1 டாலருக்குக் கொடுத்தார்கள். போட்டி வந்த பிறகுதான் தாராள மனசும் வந்தது.

அதற்கு முன்னால் முதல் உலகப்போர் ஒரு வேலை செய்தது. 1918-ல் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸரும் 3 கோடிக்கும் மேல் பிளேடும் வாங்கியது. ஊர் திரும்பிய பையன்கள் எல்லோரும் தினமும் தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

நம் நாட்டில் மல்ஹோத்ரா குடும்பத்தின் கம்பெனிதான் பிளேடு உலகத்தை நெடுநாள் ஆண்டது. டோபாஸ் அவர்களுடையதுதான். 1984-ல் இந்தியன் ஷேவிங் ப்ராடக்ட்ஸ் என்ற பெயரில் ஜில்லெட் கூட்டாளியோடு உள்ளே வந்தது, செவன் ஓ கிளாக் பிளேடு கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் அப்பா போட்டு முடித்த பிளேடை நாலு வேலைக்கு வைத்திருப்போம். பாதியாக உடைத்து எனக்குப் பென்சில் சீவ, அம்மாவுக்குத் தையல் பிரிக்க, அப்பாவுக்குக் கவர் கிழிக்க. அறுவை ஆசாமியை "பிளேடு" என்று சொல்கிற வழக்கம் நம்ம ஊருக்கே சொந்தம். நான் போடுவதும் பிளேடா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் :-)

மோட்டார் வந்த கதை

மின்சார ரேஸருக்கு அப்பா ஜேக்கப் ஷிக். அமெரிக்க ராணுவ அதிகாரி. அலாஸ்கா பக்கம் கடுங்குளிர்ப் பிரதேசத்தில் கணுக்கால் பிசகிப் படுத்திருந்தபோது, சவரத்துக்குத் தண்ணீர் சூடு பண்ணுவதே பெரும் பாடாக இருந்ததாம். தண்ணீரும் சோப்பும் இல்லாமல் முடியுமா என்று அங்கேதான் யோசித்தார் என்கிறார்கள். முதலில் அவர் செய்த மாதிரியில் மோட்டார் தனி, அதிலிருந்து ஒரு வயர் தண்டு, அதன் நுனியில் வெட்டும் தலை. பிடிக்க இரண்டு கையும் வேண்டும். யாரும் சீண்டவில்லை.

பிறகு ராணுவத் துப்பாக்கியில் தோட்டா ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதுபோல, கைப்பிடிக்குள்ளேயே பிளேடுகளை அடுக்கி வைத்த ஒரு ரேஸரைச் செய்தார். அது ஓடியது. அந்த வியாபாரத்தை விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மோட்டாருக்கே வந்தார். 1930-ல் பேடன்ட், 1931-ல் விற்பனை. விலை 25 டாலர். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். முதல் வருஷம் ஏறக்குறைய 3,000 விற்றது. லாபத்தை எல்லாம் விளம்பரத்திலேயே போட்டார். 1937-ல் அவர் இறந்தபோது விற்பனை லட்சக்கணக்கில் போயிருந்தது.

ஷிக்கின் இயந்திரம் முடிதிருத்துபவரின் கிளிப்பரைச் சின்னதாக்கியது மாதிரி. பல் வைத்த இரண்டு தகடுகள், ஒன்று மற்றொன்றின் மேல் இங்கும் அங்கும் ஓடும். இன்று கடையில் நாம் பார்க்கிற இரண்டு ஜாதிகளும் அதற்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்தவை.

ஒன்று, சுழலும் வட்டத் தலை. ஹாலந்தில் பிலிப்ஸ் கம்பெனியின் இன்ஜினியர் அலெக்ஸாந்தர் ஹோரோவிட்ஸ் செய்தது. 1939-ல் வெளிவந்தது. ஒரே தலை. பிறகு இரண்டானது, 1966-ல் மூன்றானது. துளை போட்ட வட்ட மூடிக்குக் கீழே சின்ன பிளேடுகள் மின்விசிறிபோலச் சுற்றும்.

இரண்டாவது, ஃபாயில் என்கிற சல்லடைத் தகடு. ஜெர்மனியில் ரேடியோ செய்துகொண்டிருந்த மாக்ஸ் பிரவுன் 1950-ல் எஸ் 50 என்று கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரு முடியின் தடிமனே உள்ள ஓட்டைத் தகடு தோலின் மேல் படும். ஓட்டைக்குள் நுழைகிற முடியைத் தகடுக்கு அடியில் இங்குமங்கும் ஓடுகிற கத்திகள் வெட்டும். தோலுக்கும் கத்திக்கும் நடுவில் எப்போதும் ஒரு தடுப்பு. கீறல் விழாததன் ரகசியம் அதுதான். மழமழவென்று ஆகாததன் ரகசியமும் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், 1967-ல் பிரவுன் கம்பெனியை ஜில்லெட் வாங்கிவிட்டது. 2005-ல் ஜில்லெட்டையே ப்ராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது. பிளேடும் மோட்டாரும் ஒரே பேலன்ஸ் ஷீட்டில்!

காவிரியும் கரண்டும்

மின்சார ரேஸர் ஓட முதலில் வீட்டில் மின்சாரம் வேண்டுமே. இங்கேதான் நாம் இருக்கிற ஊர் கதைக்குள் வருகிறது.

1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியில் மின்சாரம் எடுத்தார்கள். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய வேலை. அது முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் ஒன்று அது. அந்தச் சுரங்கங்களில் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன நம் சனங்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். பிழைக்க ஊர் விட்டு இந்தப் பக்கம் வந்ததில் நாம் ஒன்றும் முதல் ஆட்கள் இல்லை. 1905 ஆகஸ்ட்டில் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஷிக் தன் ரேஸரை விற்பதற்கு இருபத்தாறு வருஷம் முன்னால்.

காவிரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது 1970-களின் கடைசியில் என்று அப்பா சொல்வார். வந்த கரண்டும் சாயங்காலம் பல்பு மஞ்சளாகத் தெரிகிற அளவுக்குத்தான். அந்த வீட்டில் யார் மின்சார ரேஸரைப் பற்றி யோசிப்பார்கள்?

இந்த ஆற்றின் பெயரால் 1991-லும் 2016-லும் இந்த ஊரில் நடந்தது நம் வீடுகளில் யாருக்கும் மறக்காது. அதற்குள் நான் போகவில்லை. அப்பா இங்கே வந்த புதிதில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுவும் காவிரியா?" என்று கேட்டார். டேங்கர்ப்பா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்துக்குள் முதல் மின்சார ரேஸர் வந்தது 1990 வாக்கில். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தார். திண்ணையில் தெருவே கூடிவிட்டது. பிளக் பொருந்தவில்லை. வயரைப் பிய்த்து நேராகச் சொருகினார்கள். 110 வோல்ட்டுக்குச் செய்தது 230 வோல்ட்டைக் கண்டதும் ஒரு முறை உறுமியது, புகை வந்தது, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்கிறேன், அடாப்டரில் 100-240 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வருகிறவை பெரும்பாலும் அப்படித்தான். பெரிய ஓட்டல் பாத்ரூமில் 'ஷேவர் மட்டும்' என்று ஒரு பிளக் பாயிண்ட் பார்த்திருப்பீர்கள். ஈரக் கையில் ஷாக் அடிக்காமல் இருக்க அதற்குள் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சின்னது. ஹேர் டிரையரையெல்லாம் அதில் சொருகாதீர்கள்.

வரவு செலவுக் கணக்கு

எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்காக என் கணக்கு. வருஷத்துக்கு 270 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மின்சார ரேஸர் 3,200 ரூபாய். ஐந்து வருஷம் வரும் என்று வைத்தேன். நடுவில் இரண்டு தடவை தலை மாற்ற 2,400. ஆக 5,600. வருஷத்துக்கு 1,120, ஒரு சவரத்துக்கு 4 ரூபாய் சொச்சம். பழைய இரட்டை முனை பிளேடு 3 ரூபாய், நாலு நாள் வரும், கிரீமோடு சேர்த்து ஒரு சவரம் 2 ரூபாய்தான். நாலைந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் 200 ரூபாய்க்கு வாங்கி 15 நாள் ஓட்டினால் சவரத்துக்கு 13 ரூபாய்.

அதாவது காசு மிச்சம் பிடிக்க மின்சார ரேஸர் வாங்காதீர்கள். அப்பாவின் பழைய ரேஸரை யாராலும் ஜெயிக்க முடியாது. மிச்சமாவது நேரம். எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் நாலு நிமிஷமானது. எட்டு நிமிஷத்தை 270-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 36 மணி நேரம்.

அனுபவத்தில் கண்ட மற்ற விஷயங்கள்:

தினமும் சவரம் செய்கிறவருக்கு ஃபாயில் நல்லது. நேர்கோட்டில் இழுத்தால் போதும். இரண்டு மூன்று நாள் விட்டுச் செய்கிறவருக்கும், கழுத்தில் முடி பல திசையில் முளைக்கிறவருக்கும் வட்டத் தலை ஒத்துவரும். அதை வட்டமாகச் சுற்ற வேண்டும், இழுக்கக் கூடாது.

முகம் காய்ந்திருக்க வேண்டும். பெங்களூர்க் குளிரில் பிரச்சினை இல்லை, சென்னை வியர்வையில் இயந்திரம் தோலைப் பிடித்துக்கொண்டு நகராது. கொஞ்சம் பவுடர் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

முதல் வாரமே பிடிக்கவில்லை என்று பரணில் போடாதீர்கள். தோலுக்குப் பழக மூன்று நாலு வாரம் ஆகும். எனக்கு முதல் பத்து நாள் கழுத்தெல்லாம் சிவந்து, தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அழுத்தித் தேய்த்தால் நன்றாக மழியும் என்று நினைத்தது என் தப்பு.

தலையை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாகப் படிந்துவிடும். எங்கள் வீட்டில் பிரஷ்ஷால்தான் தட்டுகிறேன்.

அப்பாவுக்கு ஒன்று

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, வலது கை திரும்பவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்க நேரமாகும், பிளேடு வேண்டாம் என்றார் டாக்டர்.

என் ரேஸரைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் கன்னம் தளர்ந்து ஒரு பக்கம் தொங்குகிறது. தோல் மடிப்புக்குள் முடி நின்றுவிடும். திரும்பத் திரும்பத் தேய்த்ததில் சிவந்துபோய், அப்பா இடது கையால் என் கையைத் தள்ளிவிட்டார். இரண்டு வாரம் தாடியோடு விட்டுவிட்டேன். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேன் என்றார்.

தை மாதம் ஊருக்குப் போனபோது கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சலூன். உள்ளே நின்றவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெரியவரின் மகன். திருப்பூரில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். நாலு சீட், ஏசி.

"அண்ணே, அப்பா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"போயி எட்டு வருஷம் ஆச்சு சார்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்தான் எங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு வந்து, என் கன்னத்திலேயே பிடித்துக் காட்டினார்.

"தொங்குற பக்கத்தை முதல்ல எடுங்க சார். ரெண்டு விரலால காதுப் பக்கம் மேல இழுத்துப் பிடிச்சுக்கங்க. தோல் தட்டையாகணும். படுக்க வெச்சுப் பண்ணாதீங்க, தலையணை வெச்சு உட்கார வைங்க. தினம் பண்ணுங்க, முடி நீளமானா மிஷின் இழுக்கும், வலிக்கும். சுத்துற மிஷின் வேணாம். தட்டைத் தகடு இருக்குறதா வாங்குங்க. சின்னதா, சத்தம் கம்மியா இருக்கட்டும். அவருக்குப் பயமில்லாம இருக்கும்."

நான் ஒரு மாதம் படித்துத் தேடியதில் கிடைக்காதது அந்த ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. எங்கள் கொல்லைப்புறத்தில் நின்ற அந்தக் கைக்குத் தெரிந்தது மகன் கைக்கும் வந்திருக்கிறது.

கிளம்பும்போது சொல்லிவிட்டேன். "அண்ணே, உங்க அப்பாவை நாங்க யாரும் ஒரு நாள்கூட மரியாதையா கூப்பிட்டதில்ல. நானும்தான்."

அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது எங்களுக்குத் தெரியாதா? அதனாலதான் நான் ஊர்லயே இல்லாம போனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "அப்பாவுக்குப் பண்றப்ப கை நடுங்கினா நிறுத்திடுங்க. நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்றார். காசு வாங்கவில்லை என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். முடிவெட்டியதற்கு வாங்கினார். வாங்கத்தானே வேண்டும், அவர் தொழில்.

திரும்பி வந்து அவர் சொன்ன மாதிரியே வாங்கினேன். சின்னது, தட்டைத் தகடு, 1,900 ரூபாய். இப்போது தினமும் காலை ஆறரைக்கு அப்பாவுக்கு, ஏழேகாலுக்கு எனக்கு. எனக்கு நாலு நிமிஷம், அப்பாவுக்குப் பதினைந்து நிமிஷம். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விடுகிறது. தகடு கன்னத்தில் பட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார், மரப்பலகையில் உட்கார்ந்திருந்தபோது மூடிக்கொண்ட மாதிரியே.

போன ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்தார். "அவரு இன்னும் நல்லா பண்ணுவாரு" என்றார்.

அந்தப் பெரியவரை அப்பா "அவரு" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பி.கு.: கம்பெனி பெயர், மாடல் நம்பர் கேட்டு யாரும் போன் பண்ண வேண்டாம். வீட்டில் வயசானவர்களுக்கு வாங்குகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தெருமுனை சலூன்காரரிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், சொல்வார்.